பாத்திரத்தின் அடியைக் காட்டுங்கள்

அடுப்பு சர்வீஸுக்கு ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் அடுப்பைத் தொடுவதில்லை. "அக்கா, தினமும் புழங்குற பாத்திரம் நாலஞ்சு எடுத்துக் கவுத்து வைங்க" என்பேன். பலர் சிரிப்பார்கள். "அடுப்பு ரிப்பேருக்கு வந்தீங்களா, பாத்திரம் விளக்க வந்தீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. குக்கர், குழம்புச்சட்டி, பால் பாத்திரம், தோசைக்கல் என்று வரிசையாகக் கவிழ்ந்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அடி முழுக்கக் கரி அப்பியிருந்தால் பர்னருக்குக் காற்று போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் கரி என்றால் பர்னர் மூடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்துத் துளைகள் அடைத்துக் கிடக்கின்றன. அடி சுத்தமாக இருந்து, பக்கவாட்டில் மட்டும் விளிம்பு வரை பழுப்பேறி, கைப்பிடியும் கருகி வெடித்திருந்தால் அடுப்பில் கோளாறே கிடையாது. சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைக்கிறார்கள். எவர்சில்வர் அடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு வளையம் ஓடினால், வெறும் பாத்திரத்தைக் காயவிட்டுவிட்டு யாரோ போன் பேசப் போயிருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

மதுரையில் இந்தத் தொழிலுக்கு நான் வந்தது 1996-இல். விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் இருந்த பாய் கடையில் சேர்ந்தேன். அப்போது வருமானம் பெரும்பாலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான். பம்ப் ஸ்டவ்வுக்குத் தோல் வாஷர் மாற்றுவது, திரி ஸ்டவ்வுக்குத் திரி போடுவது, நிப்பிள் அடைத்தால் பின் குத்துவது. தகரத்தின் நுனியில் மயிரிழை போலக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஸ்டவ் பின்னை வைத்திருக்காத வீடே இருக்காது. கேஸ் அடுப்பு வாரத்துக்கு இரண்டோ மூன்றோ வந்தால் பெரிது. வந்தால் பாய்தான் தொடுவார்.

ஒருநாள் அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கேஸ் அடுப்பு வந்தது. தீ சன்னமாக எரிகிறது என்றார்கள். ஜெட்டைக் கழற்றினேன். பித்தளை, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. ஸ்டவ் பின் உள்ளே போகவில்லை. தையல் ஊசியை எடுத்து நாலு திருகு திருகினேன். மாட்டிப் பற்றவைத்ததும் தீ ஜாண் உயரம் எழும்பியது. "நல்லா எரியுது தம்பி" என்று ஐந்து ரூபாய் கூடவே கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்தே நாளில் அந்த அம்மா கரி பிடித்த பாத்திரம் இரண்டோடு கடை வாசலில் நின்றார். பாய் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "ஓட்டையைப் பெருசாக்கவா உன்னைய வேலைக்கு வச்சேன்?" புது ஜெட்டின் விலை என் சம்பளத்தில் போனது.

கேஸ் அடுப்பின் மொத்தச் சூட்சுமமும் அந்தத் துளையில்தான் இருக்கிறது. சிலிண்டரில் இருந்து வரும் வாயுவை ரெகுலேட்டர் அடக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில் விடுகிறது. அது ஜெட் வழியே வேகமாகப் பீறிடும்போது பக்கத்தில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னர் குழாய்க்குள் போகும். அங்கே கலந்து, மேலே துளைகளில் நீலமாக எரியும். துளையைப் பெரிதாக்கினால் வாயு கூடும். அதற்கு ஈடான காற்று வராது. மஞ்சள் தீ, கரி, வீணாகும் கேஸ். ஜெட் அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள், விலை சொற்பம்தான். ஊசி, குண்டூசி, துடைப்பக்குச்சி எதுவும் வேண்டாம்.

மஞ்சளைக் கண்டதும் பதறவும் வேண்டாம். சாம்பார் பொங்கி வழிந்து உப்புத்தண்ணீர் பர்னரில் பட்டிருந்தால் கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறத்தில் எரியும். அது உப்பின் நிறம். பர்னரைப் புளி போட்டு விளக்கி ஈரத்தோடு மாட்டினாலும் தீ தடுமாறும், காய்ந்ததும் சரியாகிவிடும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியாவிட்டால், குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா, கரப்பான் குஞ்சு பொரித்திருக்கிறதா என்று பார்ப்பேன். பாதி நாள் இருக்கும்.

2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோதுதான் என் தொழில் மாறியது. அதுவரை விறகும் மண்ணெண்ணெயுமாக இருந்த வீடுகளுக்குள் நீல நெருப்பு வந்தது. அந்த வீடுகளில் நான் பார்த்த சங்கடம் அடுப்பில் இல்லை, பாத்திரத்தில். நம் பானை, சட்டி எல்லாம் உருண்டை அடி. மண் அடுப்பின் மூன்று குமிழில் உட்காரவும், விறகுத் தீ வயிற்றைச் சுற்றித் தழுவவும் செய்யப்பட்டவை. கேஸ் தீ அப்படித் தழுவாது. வட்டமாக அடியில் நின்று எரியும். உருண்டைப் பானையை நாலு கால் தாங்கியில் வைத்தால் ஆடும். கரண்டி போட்டுக் கிண்டினால் சாயும். பழைய பாத்திரத்தைப் புது நெருப்பில் வைத்து எத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்!

அப்போதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பையில் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று வைத்திருக்கிறேன். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, எதிரே ஜன்னல் வெளிச்சம் வருகிற மாதிரி பிடித்துப் பார்ப்பேன். ஸ்கேலுக்கும் அடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியாவிட்டால் நல்ல பாத்திரம். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் அடி வெளியே பிதுங்கியிருக்கிறது, தாங்கியில் ஆடும். நடுவில் தெரிந்தால் உள்ளே குழிந்திருக்கிறது. எண்ணெய் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடும். பாத்திரக் கடையிலும் இதைச் செய்வேன். கடைக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஐ.எஸ். 4246 முத்திரை உள்ள அடுப்பாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள், சரிதான். எரியும் கேஸின் வெப்பத்தில் 68 சதவீதமாவது பாத்திரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அந்தத் தரத்தின் கணக்கு. ஆனால் அதைச் சோதிப்பது தட்டை அடி அலுமினியப் பாத்திரத்தில். நீங்கள் ஆடுகிற சட்டியை வைத்துவிட்டு அடுப்பைக் குறை சொன்னால் நான் என்ன செய்ய?

எவர்சில்வர் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் அதற்கு இருக்கும் மரியாதை அதன் பளபளப்புக்குத்தான். சூட்டைக் கடத்துவதில் அது மந்தம். அலுமினியம் அதைப்போலப் பதினைந்து மடங்கு கடத்தும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் சேமியா பாயசம் வைத்துப் பாருங்கள். அடிபிடிக்கும்போது கண்டபடி பிடிக்காது; பர்னர் அளவுக்கு ஒரு வளையமாகப் பிடிக்கும். தீ எங்கே பட்டதோ அங்கேயே சூடு நின்றுவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் நடுவே அலுமினியம் வைத்து இருபுறமும் ஸ்டீல் மூடிய ட்ரைப்ளை வந்தது. விலை அதிகம். ஆனாலும் ஆறு மலிவுப் பாத்திரம் வாங்கும் காசில் அப்படி ஒன்று வாங்கலாம் என்பது என் கட்சி. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 304 தரத்திலும் ஒட்டாது, நிக்கல் குறைந்த 202-இலும் ஒட்டாது. அடியில் எண் குத்தியிருக்கிறதா, பில்லில் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள்.

இண்டாலியம் வாணலி வதக்க, பொரிக்க நல்லது. புளிக்குழம்பை, தக்காளித் தொக்கை அதில் ஊற்றி ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். பித்தளைக்கும் இதே கதை; உள்ளே ஈயம் பூசாமல் புளி சமைக்கக் கூடாது. நவச்சாரம் தூவி, சூட்டோடு சூடாகத் துணியால் ஈயத்தை இழுத்து வெள்ளி மாதிரி பரப்புகிற ஆட்கள் அருகிவிட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயச்சொம்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்கே துரோகம். ஒரு வீட்டில் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பெண், ரசம் வைக்கலாமென்று மாமியாரின் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பியிருக்கிறார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அவர் திரும்பிப் பார்த்தபோது சொம்பின் கழுத்து மட்டும் தாங்கியில் இருந்தது. மிச்சம் பர்னருக்குள் வழிந்துவிட்டது. நான் போனபோது அந்தப் பெண் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். மாமியார் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "ஏம்மா, இதுக்குப் போயி அழுவாகளா? அடுப்புக்காரத் தம்பிக்கு முதல்ல காபி போடு" என்றார். எந்த அடுப்பில் போடுவது? பர்னர் துளைகளில் இறுகிப்போயிருந்த ஈயத்தை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

ஈயச்சொம்பில் முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் தீ, அதுவும் சிம்மில். வாங்கும்போது வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் விஷம். காகிதத்தில் தேய்த்தால் காரீயம் கறுப்புக் கோடு போடும். ஆனால் இரண்டையும் கலந்து வார்த்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

மண்சட்டி பிரியர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். மானாமதுரையில் இருந்து வரும் சட்டிகளிலேயே தட்டை அடியாகப் பார்த்து எடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். அடி ஈரமாக இருக்கும்போது முழுத் தீயில் வைத்தால் விரிசல் விடும். தோசைக்கல்லைப் பொறுத்தவரை எனக்கு இரக்கமே கிடையாது: கனமான இரும்பு. மெல்லிய கல் கேஸ் தீயில் சீக்கிரமே குழிந்துவிடும். என் அம்மா புழங்கிய கல் இன்றும் என் வீட்டில் இருக்கிறது, ஸ்கேல் வைத்தால் இம்மி வெளிச்சம் தெரியாது. நான்ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பேச்சு. வெறுமனே ஹையில் காயவிடாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும், மிஞ்சிச் சூடானால் அந்தப் புகை கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். அடுப்பங்கரையில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் கூண்டை இடம் மாற்றுங்கள்.

குக்கர்தான் பர்னருக்கு முதல் எதிரி. பருப்பை அளவுக்கு மீறிப் போட்டால் விசிலோடு பருப்புத் தண்ணீர் தெறித்துப் பர்னர் துளைகளில் பசை மாதிரி காய்ந்துவிடும். பருப்பென்றால் பாதிக்கு மேல் போகக் கூடாது. உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போய் வெயிட் தூக்கிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. நீராவிதான் வெளியே போகும். முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். மூடும் முன் மூடியைத் தூக்கி விசில் குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண் பாருங்கள். சேஃப்டி வால்வு போய்விட்டதென்று அந்த ஓட்டையில் ஆணியை இறுக்கி அடைத்து வைத்திருந்த குக்கர் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அன்றைக்கு அடுப்பைப் பார்க்காமல் முதலில் குக்கரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சண்டை போட்டேன்.

கண்ணாடி அடுப்பு அழகு. ஆனால் பொங்கலன்று பெரிய பானையை அதில் ஏற்றாதீர்கள். பாத்திரம் அகலமாகிப் போனால் சூடு கண்ணாடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அடைபட்டு நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கரித்துணியை நனைத்துத் துடைப்பார்கள். படார். தண்டவாளத்தில் ஜல்லி கொட்டினது மாதிரி வீடு முழுக்கச் சில்லு.

கசிவைப் பற்றிப் பேசும் யோக்கியதை எனக்கு என் இடது புருவத்தால் வந்தது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், சோப்புத் தண்ணீர் கலக்கச் சோம்பல்பட்டு ரெகுலேட்டர் பக்கம் தீக்குச்சியைக் காட்டினேன். புஸ் என்று ஒரு நாக்கு நீண்டு அடங்கியது. புருவம் இன்றைக்கும் பாதிதான். சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழ் விட்டால் அங்கே கசிவு. சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் அறுந்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். சிலிண்டர் இறக்க வருபவரை அவர் கிளம்பும் முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்பக்கம் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் அந்த ஆண்டு மார்ச் முடிய, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். தீர்ந்துபோகும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுவதும் கூடாது. உள்ளே இருப்பது திரவம். அது வெளியே வந்து வாயுவானால் ஏறக்குறைய 250 மடங்காக விரியும்.

இந்த வாயு காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் தேங்கும். இயல்பில் அதற்கு வாசமும் கிடையாது. நாம் முகர்வது வேண்டுமென்றே கலக்கும் மெர்காப்டன். நம் ஊர்ச் சின்ன வீடுகளில் சாமி அலமாரியும் அடுப்பங்கரையிலேதான் இருக்கும், அதுவும் கீழ்த்தட்டில், சிலிண்டருக்கு இரண்டடியில் காமாட்சி விளக்கு. சாமி கோபித்துக்கொள்ளாது, விளக்கை இடுப்பு உயரத்துக்கு மேலே ஏற்றி, சிலிண்டரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜையும் சிலிண்டர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அது தானாக ஓடி நிற்கும்போது உள்ளே பொறி தட்டலாம்.

ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். "தம்பி, கேஸ் வாசம் அடிக்குது. லைட்டப் போட்டுப் பாக்கட்டுமா?"

"போடாதீங்கக்கா. எரியிற லைட்டையும் அணைக்காதீங்க. எங்க இருந்து பேசுறீங்க?"

"அடுப்படியில இருந்துதான்."

"போன வச்சுட்டு ரெகுலேட்டர மூடுங்க. கதவு ஜன்னலத் திறந்துவிட்டுட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துருங்க. வெளிய வந்து 1906-க்குப் போன் போடுங்க, அப்புறம் எனக்கு."

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பாலைச் சிம்மில் வைத்துவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. நாப் திறந்தே கிடந்தது. தீ அணைந்தால் தானாக வாயுவை நிறுத்தும் அமைப்பு நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் இல்லை. டியூப் வெடித்து நான் பார்த்ததைவிடப் பால் பொங்கி வந்த வம்புகள்தான் அதிகம். பால் வைத்தால் பக்கத்தில் நில்லுங்கள். அகலமான, கொஞ்சம் உயரமான பாத்திரமாக எடுத்துப் பாதியளவு ஊற்றுங்கள். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாப்பை மூடிவிட்டு, தட்டையோ பெரிய மூடியையோ போட்டு மூடுங்கள், உடனே திறந்து பார்க்காதீர்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஓர் ஆண்பிள்ளை சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று ஓர் அக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடும் ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முறுக்குச் சுட்டு விற்கும் வீடுகளில் கல்யாண அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டிவிடுகிறார்கள். நான் அப்படிப்பட்ட வீட்டில் வேலை செய்ய மாட்டேன். கூலி வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவேன்.

இதைப் படித்து முடித்ததும் அடுப்புக்குப் பின்னால் போகும் ஆரஞ்சு டியூபைத் திருப்பிப் பாருங்கள். அதன் மேல் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு ஆகியிருந்தால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கேஸ் ஏஜென்சியிலேயே கிடைக்கும். அழுக்காகிறதென்று அதன் மேல் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், எலி கடித்திருந்தாலும் வெளியே தெரியாது. அப்படியே கையோடு பால் பாத்திரத்தையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.